பல்கலைக்கழகத்தில் பொதுக் கிளஸ்டரை நடத்துவது எப்படி: சண்டை வருமுன் எழுதிவைக்க வேண்டியவை

உங்கள் பல்கலைக்கழகத்துக்கு நான்கு கோடி ரூபாயில் ஒரு கிளஸ்டர் (பல கம்ப்யூட்டர்களை இணைத்து ஒன்றாக ஓட்டும் அமைப்பு) வரப்போகிறது, அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்கு என்று ஆர்டரும் கையில் கொடுத்துவிட்டார்கள். வேதியியல், இயற்பியல், சிவில், மெக்கானிக்கல், பயோடெக், இப்போது புதிதாக ஏஐ என்று ஆளாளுக்கு அதே நோடுகளை, அதாவது அதிலுள்ள தனித்தனி கம்ப்யூட்டர்களை, பங்குபோட்டுக்கொள்ளப் போகிறார்கள். அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் நானும் இதே வேலையைத்தான் பார்க்கிறேன். லினக்ஸ் உங்களுக்குத் தெரியும், யாருடைய வேலை எப்போது எந்த நோடில் ஓடும் என்று ஒதுக்கும் ஸ்லர்ம் மென்பொருளின் மேனுவலை நீங்களே படித்துக்கொள்வீர்கள். மேனுவலில் இல்லாத விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில், இது யாருடையது?

எந்தத் துறையின் புராஜெக்டில் பணம் வந்ததோ அந்தத் துறைக் கட்டடத்திலேயே ரேக்கை இறக்கி, அந்த ஹெச்ஓடியையே தலைவராகப் போட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். முடிந்தவரை இதைத் தடுத்துவிடுங்கள். ஏரிப் பாசன ஊர்களில் மடையைத் திறந்து மூடும் நீர்கட்டிக்குப் பல இடங்களில் அந்த ஏரியின் கீழ் சொந்த வயல் இருக்காது. இருந்தால் அவர் விடும் தண்ணீர்க் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள். கிளஸ்டரின் கியூவை, அதாவது ஜாப்கள் (பயனாளர்கள் ஓட்டக் கொடுக்கும் வேலைகள்) காத்திருக்கும் வரிசையை, பிடித்திருப்பவரும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆராய்ச்சி டீனுக்கோ நேரடியாக ரிஜிஸ்ட்ராருக்கோ கீழே மையம் இருக்கட்டும். மையத்தில் வேலை செய்பவர்களுக்கு அந்தக் கியூவில் சொந்த ஜாப் இருக்கக் கூடாது.

அப்புறம் ஒரு கமிட்டி. துறைக்கு ஒரு பேராசிரியர், நிதி அலுவலகத்திலிருந்து ஒருவர், கட்டாயம் இரண்டு பிஎச்டி ஸ்காலர்கள். ஸ்காலர்களை விட்டுவிடாதீர்கள், ராத்திரி இரண்டு மணிக்குக் கியூவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் இல்லாத கமிட்டி, நடப்பதே தெரியாமல் விதி போடும். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் போதும். முதல் கூட்டத்திலேயே விதிகளை எழுதி, இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல், எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மெஷின் வருவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். வந்த பிறகு என்றால், ஏற்கெனவே நிறைய ஓட்டிக்கொண்டிருப்பவர் எந்த விதிக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வாங்கும்போது

வாங்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசிக்கலாம். தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மிஷன் 2015இல் தொடங்கியது. அதன்கீழ் திருச்சி என்ஐடியில் 2022 முதல் 838 டெராஃப்ளாப்ஸ் (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு லட்சம் கோடிக் கணக்கு) திறன்கொண்ட பரம் பொருள் என்ற சூப்பர்கம்ப்யூட்டர் இருக்கிறது. பெங்களூரு ஐஐஎஸ்சியில் 3.3 பெட்டாஃப்ளாப்ஸில் (ஒரு பெட்டா என்பது ஆயிரம் டெரா) பரம் பிரவேகா. ஆயிரக்கணக்கான கோர் (பிராசசருக்குள் கணக்குப் போடும் தனி அலகு) கேட்கும் ஒன்றிரண்டு குழுக்களுக்காக மட்டும் நீங்கள் பெரிதாக வாங்குவதாக இருந்தால், அவர்களை அங்கே விண்ணப்பிக்கச் சொல்லிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. உள்ளூர்க் கிளஸ்டர் உண்மையில் உபயோகப்படுவது நடுத்தர ஆட்களுக்கு. லேப்டாப் போதாது, தேசிய மெஷினுக்குப் புரொபோசல் எழுதும் அளவுக்கு வேலையும் இல்லை என்று நடுவில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டால் டெண்டரில் ஒன்றைக் கவனியுங்கள். அரசுக் கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டலில் போட்டாலும் தனி டெண்டர் விட்டாலும் கடைசியில் எல்-1, அதாவது குறைந்த விலை சொன்னவர், யாரோ அவருக்குத்தான் ஆர்டர் போகும். அதனால் உங்கள் கைக்குள் இருப்பது டெக்னிக்கல் ஸ்பெசிஃபிகேஷன் மட்டும்தான். அதில் 'இத்தனை டெராஃப்ளாப்ஸ் பீக்' என்று மட்டும் எழுதினால், காகிதத்தில் அந்த எண் வரும் மெஷின் வந்துசேரும். உங்கள் ஆட்கள் ஓட்டும் நான்கு நிரல்களை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போன்ற இடத்தில் அது குரோமாக்ஸ், குவாண்டம் எஸ்பிரெசோ, ஓப்பன்ஃபோம், அப்புறம் பைடார்ச்சில் ஒரு ஏஐ ட்ரெயினிங் ஆக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஸ்காலர் ஒருவரின் உண்மையான இன்புட்டைக் கொடுத்து, 'இந்த வேலை இத்தனை நிமிடத்துக்குள் முடிய வேண்டும்' என்று எழுதுங்கள். ஐந்து வருட வாரண்டியை விலைக்குள்ளேயே கேளுங்கள். மூன்று வருடம் கழித்து ஏஎம்சிக்கு (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஃபைல் போட்டு அனுமதி வாங்குவதற்குள் பாதி நோடு படுத்துவிடும்.

மார்ச் 31க்குள் பில் போட வேண்டும் என்ற அவசரத்தில் அக்செப்டன்ஸ் டெஸ்டை ஒரு மதியத்தில் முடித்துக் கையெழுத்து கேட்பார்கள். போடாதீர்கள். எல்லா நோடுகளிலும் ஒரே நேரத்தில் 72 மணி நேரம் லின்பேக் என்ற சோதனை நிரல் ஓட வேண்டும், ஏசியும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். பலவீனமான மெமரியும் சரியாக மாட்டாத ஹீட்சிங்கும் அந்த மூன்று நாளில்தான் வெளியே வரும். அதோடு ஒவ்வொரு நோடின் முடிவையும் தனித்தனியாக எடுத்து வரிசைப்படுத்துங்கள். மற்றவற்றைவிட 5 சதவீதத்துக்கு மேல் பின்தங்கும் நோடைத் திருப்பிக் கொடுங்கள். பல நோடுகளில் சேர்ந்து ஓடும் ஜாப் எப்போதும் மெதுவான நோடின் வேகத்தில்தான் போகும்.

கரண்டும் சூடும்

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 48 கோர் கொண்ட 40 நோடுகள் என்று வைத்துக்கொள்வோம். முழு லோடில் ஒரு நோடுக்கு 600 வாட் என்றால் 24 கிலோவாட். ஸ்டோரேஜ், சுவிட்ச் எல்லாம் சேர்த்து 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் கரண்ட் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏசி ஏறத்தாழ 3.5 கிலோவாட் சூட்டை எடுக்கும். ஆக எட்டரை டன் வேண்டும். ஒன்று பழுதானாலும் தாங்க வேண்டும் என்றால் அதற்கு மேல். இதற்கு ஆபீஸ் ஸ்பிளிட் ஏசி நாலைந்தை மாட்டிவிடலாம் என்று எஸ்டேட் ஆபீசர் சொல்வார். அவை நாள் முழுக்க, வருடம் முழுக்க ஓடச் செய்யப்பட்டவை இல்லை. சர்வர் அறைக்கென்றே செய்யப்பட்ட பிரிசிஷன் ஏசிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருங்கள்.

ஏசிக்கும் சேர்த்து 48 கிலோவாட் இழுத்தால் வருடத்துக்கு 4,20,480 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டாலே 33 லட்சத்துக்கு மேல். இந்தத் தொகையை யார் கட்டுவது என்று மெஷின் வருமுன்பே ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். புராஜெக்ட் பணத்தில் மெஷின் வாங்கலாம், ஈபி பில் கட்ட அதில் தலைப்பு இருக்காது.

ஏஐ வேலைக்கான ஜிபியூ (கிராஃபிக்ஸ் பிராசசர்) பெட்டி வந்தால் கணக்கே மாறிவிடும். என்விடியா டிஜிஎக்ஸ் ஏ100 என்ற ஒரே பெட்டி அதிகபட்சம் 6.5 கிலோவாட் இழுக்கும். பத்து சாதாரண நோடுகளின் சூடு ஒரே இடத்தில் கிளம்பும். அந்த ரேக்குக்கு கேபிளும் எம்சிபியும் போதுமா, குளிர்காற்று அங்கே போய்ச் சேருகிறதா என்று முதலில் பாருங்கள்.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்று: கரண்ட் போனதும் யூபிஎஸ் சர்வர்களைத் தாங்கும், ஏசியைத் தாங்காது. ஜெனரேட்டர் உடனே எடுத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. எடுக்காவிட்டால் முப்பது கிலோவாட் ஹீட்டர் மூடிய அறைக்குள் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அறை சூடேறச் சில நிமிடங்கள் போதும். சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. நான் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான்: 32ஐத் தொட்டால் புது ஜாப் எதுவும் தொடங்காது, 38ஐத் தொட்டால் நோடுகள் தானாக அணைந்துவிடும். யாருக்கும் போன் போட்டுக் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை மதியம் போனை எடுக்க ஆள் இருக்கமாட்டார்.

சென்னை, கடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு: ஜெனரேட்டரையும் பேட்டரியையும் அடித்தளத்தில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஊராக இருந்தாலும் கேபிள் போகும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். ஃபைபரை எலி கடிக்கும், விரும்பிக் கடிக்கும்.

கியூ

உங்கள் வேலையில் பாதி இதுதான், மரியாதை போவதும் நிற்பதும் இங்கேதான். முதலில் வந்தவருக்கு முதலில் என்று விட்டால், திங்கட்கிழமை காலையில் ஒருவர் ஐந்நூறு ஜாப் போட்டுவிட்டுப் போய்விடுவார், மற்றவர்கள் வியாழன்வரை காத்திருக்க வேண்டும். அதனால் ஸ்லர்மில் ஃபேர்ஷேரைப் போடுங்கள். யார் சமீபத்தில் நிறைய ஓட்டினாரோ அவருடைய அடுத்த ஜாபுக்கு முன்னுரிமை குறையும். நாள் ஆக ஆகப் பழைய கணக்கு தேய்ந்துகொண்டே வரும். பாதியாகத் தேய்வதற்கு ஸ்லர்மில் இயல்பாக வைத்திருப்பது 7 நாள். நான் 14 வைத்திருக்கிறேன். ஒரு வாரம் கிளஸ்டரை முழுதாகத் தின்றவர் அடுத்த வாரமே வரிசையில் முன்னால் வந்து நிற்பதை மற்றவர்கள் ரசிப்பதில்லை.

பங்கை ஆளுக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள், கைடுக்கு இவ்வளவு என்று வையுங்கள். பன்னிரண்டு ஸ்காலர் வைத்திருக்கும் பேராசிரியருக்குப் பன்னிரண்டு பங்கு போய்விட்டால், புதிதாகச் சேர்ந்து ஒரே ஸ்காலருடன் தொடங்கும் உதவிப் பேராசிரியருக்கு மிச்சம் இருக்காது. புதியவர்களுக்கு முதல் இரண்டு வருடம் கொஞ்சம் கூடுதல் பங்கு கொடுக்கலாம் என்று எங்கள் கமிட்டியில் முடிவானது. சீனியர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு ஜாபுக்கு அதிகபட்ச நேரம் 72 மணி. இதற்கு வரும் எதிர்ப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள். 'என் கணக்கு இருபது நாள் ஓட வேண்டும்' என்பார்கள். இருபது நாள் ஒரே மூச்சில் ஓடும் ஜாப், பத்தொன்பதாம் நாள் கரண்ட் போனால் எல்லாவற்றையும் இழக்கும். குரோமாக்ஸ் இயல்பாகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயிண்ட், அதாவது அதுவரை வந்த நிலையை, எழுதுகிறது. மேக்ஸ்ஹெச் என்று ஒரு ஆப்ஷன் கொடுத்தால், நேரம் முடியப்போகிறது என்று தெரிந்து ஒழுங்காக எழுதிவைத்துவிட்டு நிற்கும். விட்ட இடத்திலிருந்து அடுத்த ஜாப் தொடரும். வாஸ்ப், லாம்ப்ஸ் போன்ற மற்ற நிரல்களிலும் இதற்கு வழி உண்டு. சொந்தமாக நிரல் எழுதியவர்களுக்கு மட்டும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு மதிய நேரத்தைச் செலவழியுங்கள்.

நேரத்தைப் பற்றிய இன்னொரு பாடம். மூன்று மணி நேரத்தில் முடியும் ஜாபுக்கும் எல்லாரும் 72 மணி என்றே எழுதுவார்கள், பயத்தில். பெரிய ஜாப் ஒன்று இருபது நோடுக்காகக் காத்திருக்கும்போது, இடையில் காலியாக இருக்கும் நோடுகளில் சின்ன ஜாப்களை நுழைத்து ஓட்ட ஸ்லர்முக்குத் தெரியும். ஆனால் எப்போது முடியும் என்று நீங்கள் சொன்னதைத்தான் அது நம்பும். 72 என்று எழுதியவரை நுழைக்காது. 'சார், என் சின்ன ஜாப் ஏன் ஓடவேமாட்டேங்குது' என்று கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நேரத்தை நான்கு மணியாக மாற்றச் சொன்னால் போதும், நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதற்குள் ஜாப் ஓட ஆரம்பித்துவிடும்.

சோதனைக்கு என்று இரண்டு நோடைத் தனியாக ஒதுக்கி, 30 நிமிடத்துக்கு மேல் ஓடாத கியூ ஒன்று வையுங்கள். இது இல்லாத இடங்களில்தான், எல்லாரும் உள்ளே நுழையும் லாகின் நோடிலேயே ஜாப் ஓட்டுவார்கள். லாகின் நோடில் ஆளுக்கு இரண்டு கோர், 8 ஜிபி மெமரி என்று கட்டிப்போட்டுவிடுங்கள். சர்க்குலர் அனுப்புவதைவிட இது வேலை செய்யும்.

இனி அந்தப் போன். கட்டாயம் வரும். 'நம்ம பையனோட பேப்பர் ரிவிஷன் வெள்ளிக்கிழமை டெட்லைன். அவன் ஜாபைக் கொஞ்சம் முன்னால தள்ளிவிடுங்களேன்.' பேசுகிறவர் டீனாக இருக்கலாம், உங்கள் பதவி உயர்வு கமிட்டியில் இருப்பவராகவும் இருக்கலாம். முடியாது என்று நேராகச் சொல்லும் தைரியம் எல்லாருக்கும் இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதற்கும் ஒரு வழியை விதியிலேயே எழுதிவிடுங்கள். எங்கள் ஏற்பாட்டில் ஒவ்வொரு கைடுக்கும் வருடத்துக்கு இரண்டு 'அவசரம்'. கைடே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், மூன்று நாளுக்கு அந்தக் குழுவின் ஜாப் முன்னால் போகும். யார் எப்போது, என்ன காரணத்துக்கு எடுத்தார் என்பது எல்லாப் பயனாளர்களும் பார்க்கும் பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்த பிறகு போன் வருவது வெகுவாகக் குறைந்தது. பெயர் தெரியும் என்றால் பலருக்கு அவ்வளவு அவசரம் இருப்பதில்லை.

'என் புராஜெக்டில் நாலு நோடு வாங்கியிருக்கிறேன், அதை உங்கள் ரேக்கில் வையுங்கள், ஆனால் வேறு யாரும் ஓட்டக் கூடாது' என்று ஒருவர் வருவார். திருப்பி அனுப்பாதீர்கள், அப்படியே ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் 2008 முதல் இந்த வழியில்தான் கிளஸ்டர்களைக் கட்டிவருகிறது. பேராசிரியர்கள் தங்கள் பணத்தில் நோடு வாங்கிப் பொதுக் கிளஸ்டரில் சேர்ப்பார்கள், மையம் அதை நடத்தும். நம் ஊருக்கு ஏற்ற விதி இப்படி: வாங்கியவருக்கு அந்த நோடுகளில் முதல் உரிமை. அவர் ஓட்டாதபோது மற்றவர்கள் ஓட்டலாம். அவர் ஜாப் போட்டதும் மற்றவர்களின் ஜாப் நின்று கியூவுக்குத் திரும்பிவிடும். கரண்டும் ஏசியும் ஆளும் மையத்துடையது. எந்த மாடல் வாங்குவது என்பதையும் மையம்தான் சொல்லும். இல்லையென்றால் ஐந்து வருடத்தில் ஐந்து விதமான பெட்டிகள் சேர்ந்து நீங்கள் திண்டாடுவீர்கள்.

48 கேட்டு ஒன்றை ஓட்டுவது

ஒரு ஸ்காலர் வந்து நின்றார். 'மூணு நாள் ஓடியும் முடியல சார். என் லேப்டாப்பே இதைவிட ஃபாஸ்ட்.' ஜாப் நம்பரை வாங்கி, முடிந்த ஜாப் தன் கோர்களை எவ்வளவு பயன்படுத்தியது என்று சொல்லும் ஸ்லர்மின் செஃப் கமாண்டில் போட்டேன். சிபியூ எஃபிஷியன்சி 2.08 சதவீதம் என்று வந்தது. இந்த எண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிடும்: நூறை 48ஆல் வகுத்தால் 2.08. நாற்பத்தெட்டு கோரை வாங்கி ஒன்றே ஒன்றை ஓட்டியிருக்கிறார். 'தம்பி, 48 கேட்டா உங்க ப்ரோக்ராம் தானா 48ஐயும் எடுத்துக்காது. அது அப்படி எழுதியிருக்கணும்' என்றேன். அவருடையது சாதாரண பைதான் ஸ்கிரிப்ட், நானூறு இன்புட் ஃபைல்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தது. நிரலில் ஒரு வரியையும் மாற்றவில்லை. நானூறு தனித்தனி வேலையாக, ஆளுக்கு ஒரு கோரில், ஜாப் அரே ஒன்றாகப் போட்டுக் கொடுத்தோம். மறுநாள் காலையில் முடிந்திருந்தது.

இப்படி ஓடுவது மாதத்துக்கு எத்தனை என்று ஸ்லர்மின் கணக்கைப் புரட்டினால் தெரியும், திடுக்கிடுவீர்கள். தானாக மின்னஞ்சல் போகும்படி வையுங்கள். முதல் இரண்டு தடவை ஸ்காலருக்கு மட்டும், மூன்றாவது தடவை கைடுக்கு நகலுடன். முதலிலேயே கைடுக்கு அனுப்பினால் பிள்ளைகள் பயந்து கிளஸ்டர் பக்கமே வரமாட்டார்கள்.

ஜிபியூவில் இந்த வியாதி வேறு உருவத்தில் இருக்கும். பிரவுசரிலிருந்தே நிரல் ஓட்டும் ஜூப்பிட்டர் நோட்புக்கைத் திறந்து ஒரு முழு ஏ100 ஜிபியூ கார்டைப் பிடித்துக்கொண்டு, சாப்பிடப் போய், தூங்கியும்விடுவார்கள். இரண்டு மணி நேரம் ஜிபியூ பயன்பாடு பூஜ்யமாக இருந்தால் எச்சரிக்கை, அடுத்த அரை மணியில் ஜாப் ரத்து. வகுப்புக்கும் கற்றுக்கொள்பவர்களுக்கும் ஒரு ஏ100ஐ ஏழு துண்டுவரை பிரித்துக் கொடுக்கலாம், அந்த வசதி கார்டிலேயே இருக்கிறது.

மெமரியையும் கட்டிப்போட மறக்காதீர்கள். 48 கோர், 192 ஜிபி நோடு என்றால் கோருக்கு 4 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே இயல்பு அளவாக வைத்து, சிகுரூப் என்ற லினக்ஸ் வசதி மூலம் அதைத் தாண்டவிடாமல் செய்யுங்கள். தாண்டும் ஜாப் மட்டும் சாகட்டும். பக்கத்தில் ஓடும் அப்பாவி ஜாப்கள் சேர்ந்து செத்தால் அன்று முழுக்க உங்களுக்குப் பஞ்சாயத்துதான்.

டேட்டா

மூன்று இடங்கள் வையுங்கள். ஹோம்: ஆளுக்கு 50 ஜிபி, தினமும் பேக்கப். ஸ்கிராட்ச்: ஜாப் ஓடும்போது தற்காலிகமாக எழுதும் இடம், பெரியது, வேகமானது, பேக்கப் கிடையாது, 60 நாள் தொடாத ஃபைல் அழியும். புராஜெக்ட்: கைடு பெயரில், கேட்டு வாங்குவது. ஸ்கிராட்சுக்குப் பேக்கப் கிடையாது என்பதை லாகின் செய்யும் ஒவ்வொரு தடவையும் திரையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுங்கள். அப்படியும் ஒருவர் தீசிஸ் முழுவதையும் ஸ்கிராட்சில்தான் வைத்திருப்பார். அழியாமல் இருக்க எல்லா ஃபைலையும் வாராவாரம் டச் பண்ணும் (தொட்ட தேதியை மட்டும் புதுப்பிக்கும்) ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களும் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், கூப்பிட்டுப் பேசினால் புரிந்துகொள்வார்கள்.

ஜிபி அளவுக்கு மட்டும் கோட்டா வைத்துவிட்டு ஃபைல் எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். லட்சக்கணக்கான குட்டிப் படங்களைத் தனித்தனி ஃபைலாகக் கொண்டுவந்து இறக்கும் ஏஐ ஜாப் ஒன்று போதும், ஸ்டோரேஜை நடத்துவது லஸ்டரோ பீஜிஎஃப்எஸ்ஸோ, ஃபைல் பெயர்களைக் கவனிக்கும் அதன் மெட்டாடேட்டா சர்வர் திணறி, எல்லாருக்கும் ஃபைல் பட்டியல் கேட்கும் எல்எஸ் அடித்தாலே அரை நிமிடம் ஆகும். ஆளுக்குப் பத்து லட்சம் ஃபைல் என்று எல்லை வைத்து, படங்களை ஒரே பெரிய டார் ஃபைலாகவோ ஹெச்டிஎஃப்5 ஆகவோ கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அழிக்கும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்ததைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில் அவர்களுடைய சூப்பர்கம்ப்யூட்டர் ஸ்டோரேஜிலிருந்து சுமார் 77 டெராபைட், ஏறக்குறைய 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள் அழிந்தன. பதினான்கு ஆய்வுக் குழுக்களுக்குப் பாதிப்பு, அதில் நான்கு குழுக்களின் டேட்டாவைப் பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய லாக் ஃபைல்களை அழிக்கும் பகுதி பேக்கப் ஸ்கிரிப்டில் இருந்தது. ஸ்கிரிப்டைத் திருத்தி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதியதை எழுதிவிட்டார்கள். ஸ்கிரிப்டை ஓட்டும் பேஷ் அதை முழுதாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை, ஓட ஓடப் படிக்கும். பாதி பழையது, பாதி புதியது என்று ஓடியதில், லாக் இருக்கும் டைரக்டரியின் பெயரைத் தாங்க வேண்டிய வேரியபிள் காலியாகிவிட்டது. ஃபைல்களைத் தேடி அழிக்கும் ஃபைண்ட் கமாண்ட் லாக்குக்குப் பதிலாகப் பயனாளர்களின் ஃபைல்களுக்குள் இறங்கிவிட்டது.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட பழக்கங்கள் இவை. ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே, வரையறுக்காத வேரியபிள் வந்தால் நின்றுவிடச் சொல்லும் செட் ஆப்ஷன். திருத்தும்போது பழைய ஃபைலின்மேல் எழுதாமல் வேறு பெயரில் எழுதி, கடைசியில் மூவ் செய்வது. அழிப்பதற்குப் பதில் முதலில் ஒரு குப்பை டைரக்டரிக்கு நகர்த்தி, ஒரு வாரம் கழித்து அழிப்பது. அப்புறம் பேக்கப்பிலிருந்து மாதம் ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது. எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

ஸ்காலர் முடித்துப் போகும்போது டேட்டா என்ன ஆகும்? நம் பல்கலைக்கழகங்களில் இதற்கு அருமையான கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, நோ டியூஸ் படிவம். லைப்ரரி, ஹாஸ்டல், லேப் என்று கையெழுத்து வாங்கும் அந்தப் படிவத்தில் உங்கள் மையத்தின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். டேட்டாவைக் கைடு பெயருக்கு மாற்றிய பிறகு கையெழுத்து, அன்றே கணக்கு மூடல்.

பாதுகாப்பு

கணக்கை மூடுவது இடத்தை மிச்சப்படுத்த மட்டுமில்லை. 2020 மே மாதத்தில் பிரிட்டனின் ஆர்ச்சர் சூப்பர்கம்ப்யூட்டரும் ஜெர்மனியில் பல பல்கலைக்கழகக் கிளஸ்டர்களும் அடுத்தடுத்து மூடப்பட்டன. பயனாளர்களின் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழி) லாகின் விவரங்களைத் திருடி, ஹேக்கர்கள் ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருந்தார்கள். இரண்டு இடத்தில் கணக்கு வைத்திருக்கும் ஒரே ஆராய்ச்சியாளர் போதும், பாலம் கிடைத்துவிடும். அதனால் இரண்டடுக்கு லாகின் கட்டாயம். வெளியிலிருந்து வருபவர்கள் விபிஎன் வழியாக. ஒரு லேபுக்கு ஒரே பாஸ்வேர்டு, அதை வெள்ளைப் பலகையில் எழுதிவைப்பது என்ற வழக்கத்துக்கு முதல் வாரமே முடிவு கட்டுங்கள். ஜிபியூவில் யாராவது கிரிப்டோ காயின் தோண்டுகிறார்களா என்று ராத்திரி நேரப் பயன்பாட்டையும் அவ்வப்போது பாருங்கள். வெளியாட்கள்தான் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம்.

மென்பொருள்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஓஎஸ்ஸுக்கு ராக்கி அல்லது அல்மா லினக்ஸ். 2020 டிசம்பரில் இலவச லினக்ஸான சென்ட்ஓஎஸ் 8ஐ அடுத்த வருடக் கடைசியோடு நிறுத்துவதாக அறிவித்தபோது எல்லாரும் அலைந்த அலைச்சலில் பிறந்தவை இரண்டும். நிரல்களை ஸ்பேக் அல்லது ஈஸிபில்ட் என்ற நிறுவும் கருவியில் கட்டி, வேண்டிய வெர்ஷனைத் தேர்ந்தெடுக்கவிடும் எல்மாட் மூலம் கொடுங்கள், கையால் கம்பைல் செய்து எங்கோ வைக்காதீர்கள். விசித்திரமான தேவைகளுக்கு, நிரலை அதற்கு வேண்டியவற்றோடு ஒரே பொதியாக ஓட்டும் அப்டெய்னர். டெர்மினலைக் கண்டாலே ஒதுங்கும் துறைகளுக்கு ஓப்பன் ஆன்டிமாண்ட் போட்டுக்கொடுத்தால் பிரவுசரிலிருந்தே ஜாப் போடுவார்கள், பயோடெக் ஆட்கள் உங்களை வாழ்த்துவார்கள். லைசென்ஸ் உள்ள நிரல் என்றால், உதாரணமாக வாஸ்ப், லைசென்ஸ் வாங்கிய குழுவுக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள். யாரோ பென்டிரைவில் கொண்டுவந்த கிராக் வெர்ஷனை இன்ஸ்டால் செய்யச் சொன்னால், எவ்வளவு பெரியவர் சொன்னாலும், செய்யாதீர்கள்.

ஆள், வாட்ஸ்அப், கணக்கு

இந்த அளவு மெஷினுக்குக் குறைந்தது இரண்டு சிஸ்டம் ஆட்கள், நிரல்கள் தெரிந்த ஒருவர். மூன்றாமவரைத்தான் நிர்வாகம் வெட்டும். அவர்தான் ஸ்காலர்களோடு உட்கார்ந்து 2.08 சதவீதத்தைச் சரிசெய்பவர், அவரை விடாதீர்கள். சம்பளம் கான்ட்ராக்டில் இருந்தால் ஆள் இரண்டு வருடத்தில் பெங்களூருக்குப் போய்விடுவார், அதில் தப்பு சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு வேலையும் இன்னொருவர் படித்துச் செய்யும் அளவுக்கு எழுதியிருக்க வேண்டும்.

உதவி கேட்பதற்கு வாட்ஸ்அப் குழு வேண்டாம். அங்கே 'நாட் வொர்க்கிங் சார், அர்ஜென்ட்' என்று மட்டும் வரும், கூடவே நாற்பது குட்மார்னிங். டிக்கெட் முறை ஒன்று போடுங்கள். ஜாப் நம்பர் என்ன, எந்த டைரக்டரி, என்ன கமாண்ட், எப்போதிலிருந்து என்று நான்கு கேள்வி. பதில் எழுதும்போதே பாதிப் பேருக்குத் தவறு தெரிந்துவிடும். செமஸ்டர் தொடக்கத்தில் அரை நாள் பயிற்சி வைத்து, அதற்கு வந்தவர்களுக்கு மட்டும் கணக்கு கொடுங்கள்.

காசு வாங்கலாமா? உள்ளே இருக்கும் ஸ்காலர்களிடம் வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை, பணமுள்ள குழுக்களே ஓட்டும்படி ஆகிவிடும். ஆனால் பில் காட்டுங்கள். மேலே சொன்ன மெஷினில், நான்கு கோடியை ஐந்து வருடத்துக்குப் பிரித்து, கரண்ட், சம்பளம், சில்லறைச் செலவு சேர்த்தால் வருடத்துக்கு 1.4 கோடி. 75 சதவீதம் ஓடினால் வருடத்துக்கு ஏறத்தாழ 1.26 கோடி கோர்-மணி (ஒரு கோர் ஒரு மணி நேரம் ஓடுவது). ஆக ஒரு கோர்-மணி ஒரு ரூபாய் சொச்சம். 48 கோரை மூன்று நாள் சும்மா பிடித்துவைத்தவருக்கு 3,800 ரூபாய் என்று மாதக் கடைசியில் ஒரு காகிதம் போகும். கட்ட வேண்டியதில்லை, ஆனால் கைடு படிப்பார். வெளிக் கம்பெனிகளிடம் மட்டும் உண்மையான பில், முழு விலையில்.

கணக்கைப் புதுப்பிக்கும்போது ஒவ்வொரு கைடும் அந்த வருடம் இந்தக் கிளஸ்டரால் வந்த கட்டுரைகள், முடித்த பிஎச்டிகள் பட்டியலைக் கொடுக்க வேண்டும், கட்டுரையில் மையத்துக்கு நன்றியும் இருக்க வேண்டும். இதைக் கெஞ்சிக் கேட்காதீர்கள், கொடுக்காவிட்டால் கணக்கு தானாக நிற்கட்டும். ஃபைனான்ஸ் கமிட்டி 33 லட்ச ஈபி பில்லைப் பார்த்து முகம் சுளிக்கும் நாளில் உங்கள் கையில் இருக்கப்போவது அந்தப் பட்டியல்தான்.

ஐந்தாவது வருடம்

பழைய மெஷினைக் கண்டெம் செய்யும் (கழித்துக்கட்டும்) ஃபைலை வாரண்டி முடிவதற்கு ஒரு வருடம் முன்பே நகர்த்துங்கள். கமிட்டி, மதிப்பீடு, ஏலம் என்று அது போகும் வேகம் உங்களுக்கே தெரியும். அந்தப் பெட்டிகள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் புதியதை எங்கே இறக்குவது? பயனாளர்களுக்கு ஆறு மாதம் முன்னதாகத் தேதி சொல்லி, கடைசி மூன்று மாதம் பழைய ஸ்டோரேஜைப் படிக்க மட்டும் திறந்துவையுங்கள். எழுத முடியாது என்று ஆனால்தான் ஆட்கள் டேட்டாவை நகர்த்தவே ஆரம்பிப்பார்கள். ஹார்ட் டிஸ்க்குகள் ஏலத்துக்குப் போகக் கூடாது, எல்லாவற்றையும் துளைபோட்டு, சீரியல் நம்பரோடு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேலை செய்யும் நோடுகளில் நாலைந்தை ஏலப் பட்டியலில் சேர்க்காமல் பயிற்சிக்கு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து வரும் ஆள் ஸ்லர்மை உடைத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஓர் இடம் வேண்டும், அதை ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் செய்ய விடமுடியாது.